அல்டமான்ட் இறக்கமும் ஆறு தண்ணீர் கேன்களும்

1

நியூ ஜெர்சி எடிசனில் இருக்கும் தோழி ஒருத்தி போன ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினாள். ஊரிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்திருக்கிறார்களாம். ஓட்டல் சாப்பாடு அவர்களுக்கு ஆகாதாம். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற டிரெய்லர் வீடு ஒன்றை எடுத்தால் அடுப்பும் கூடவே வருமே, நயாகராவைக் காட்டிவிட்டு வந்துவிடலாமே என்று யோசனை. "நீங்க ஒரு தடவ அப்படிப் போனீங்கல்ல? ட்ரைவ் பண்றது கஷ்டமாடி?" என்று கேட்டாள்.

ஒரு மணி நேரம் பேசினேன். நடுவில் அவள் இரண்டு தடவை போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். போனை வைத்த பிறகு யோசித்துப் பார்த்தால், சொல்ல வேண்டியதைச் சொல்லவே இல்லை. எடை எப்படிப் பார்ப்பது, எந்த வேகத்தில் போவது, எந்த லேனில் போவது எல்லாம் சொன்னேன். அன்றைக்கு எங்கள் காருக்குள் என்ன நடந்தது என்பதைச் சொல்லவில்லை. அவள் சென்னைப் பெண். அவளுக்கு டிரெய்லரைவிட என் மச்சாண்டாரைப் புரியவைப்பதுதான் கஷ்டம்.

அதனால் ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்கு டிரெய்லரை மட்டும் விளக்கினால் போதும்.

2

மச்சாண்டார் என்றால் என் கணவரின் அண்ணன், கூப்பிடுவதானால் 'மாமா' முறை. சங்ககிரியில் லாரி வைத்திருக்கிறார். இப்போது ஆள் வைத்து ஓட்டுகிறார். முன்பெல்லாம் அவரேதான் ஓட்டினார். மாமனார் சீக்கிரமே தவறிவிட்டதால் குடும்பம் மொத்தமும் அந்த ஒரு ஸ்டியரிங்கை நம்பித்தான் இருந்தது. கல்கத்தாவுக்கும் குவாஹாத்திக்கும் லோடு அடித்துத் தம்பியை இன்ஜினியரிங் படிக்க வைத்தவர் அவர். ஆகவே என் வீட்டுக்காரருக்கு அண்ணன் சொன்னால் சொன்னதுதான். இங்கே பதினைந்து பேரை மேய்க்கிற மனிதர், போனில் அண்ணன் குரல் கேட்டால் நாற்காலியை விட்டு எழுந்து நின்று பேசுவார். நான் கேலி பண்ணினால் கோபம் வரும்.

எங்கள் வீட்டில் தம்பி மனைவி மச்சாண்டாரிடம் நேராகப் பேசுகிற வழக்கம் இல்லை. சண்டையெல்லாம் ஒன்றுமில்லை, மரியாதைதான். அவர் கூடத்துக்கு வந்தால் நான் உள்ளே போய்விடுவேன். இலை போட்டாகிவிட்டது என்றால் "சாப்பிட வரச் சொல்லுங்க" என்று காற்றைப் பார்த்துச் சொல்வேன். அவரும் "இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்னு சொல்லு" என்று காற்றைப் பார்த்தே சொல்வார். நடுவில் ஒரு குழந்தையோ பூனையோ இருந்தால் இரண்டு பேருக்கும் சௌகரியம். கல்யாணமான புதிதில் நான் திருச்செங்கோட்டில் பிசிக்ஸ் டீச்சர். அறுபது பிள்ளைகளைத் தொண்டை கிழிய அதட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், ஒரு மனிதருக்கு மோர் வேண்டுமா என்று கேட்க மூன்றாம் ஆளைத் தேட வேண்டும். எனக்கே சிரிப்பாக வரும். ஆனாலும் பதினான்கு வருடம் அப்படியே ஓட்டிவிட்டேன். அதில் பத்து வருடம் நான் அமெரிக்காவில் இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போனில்கூட நான் அவரிடம் பேசியதில்லை.

தொண்ணூற்றெட்டு கோடையில் அவர் கலிஃபோர்னியா வந்தார். விசா இன்டர்வியூவில் எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, "தம்பி பொண்ணப் பாக்கோணும், அங்கத்த லாரியப் பாக்கோணும்" என்று சொன்னாராம். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கும், விசா கொடுத்துவிட்டார்கள்.

ஃப்ரீமான்ட்டில் எங்கள் வீட்டுக்கு வந்த மறுநாளே ஃப்ரீவேக்கு மேலே போகிற பாலத்தில் போய் நின்றுகொண்டார். என் மகள் நித்யாவுக்கு அப்போது பதிமூன்று வயது. தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். அவளைத் துணைக்கு அனுப்பினேன்.

"கண்ணு, எண்ணிப் பாரு. பதினெட்டு சக்கரம்! கிளீனர் பையன்கூட இல்லாம ஒத்த ஆளு ஓட்டறான்!"

"யெஸ் பெரியப்பா. கேன் வி கோ ஹோம் நவ்?"

ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தார்கள். அவள் முகம் சிவந்திருந்தது. அவர் முகம் மலர்ந்திருந்தது.

3

அவருக்கு வயிற்றுப் புண். முப்பது வருடம் ரோட்டோரக் கடைகளில் நேரம் கெட்ட நேரத்தில் சாப்பிட்டதன் பலன். வீட்டுச் சோறும் இட்லியும்தான் ஒத்துக்கொள்ளும். அவரை யோசெமிட்டி மலைக்காட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும், ஆனால் பீட்சாவைக் காட்டிப் பட்டினி போடக் கூடாது. இந்தச் சிக்கலுக்கு வழி சொன்னவர் பக்கத்து வீட்டு வால்ட்டர். ரிட்டையர் ஆனவர். எங்கள் ஸ்டேஷன் வேகன் காரே அவர் எங்களுக்கு விற்றதுதான். எட்டு சிலிண்டர், கப்பல் மாதிரி நீளம். பின்னால் இழுவைக் கொக்கி ஏற்கெனவே போட்டிருந்தது. அவருடைய பதினான்கு அடி டிரெய்லர் கொல்லையில் சும்மா நின்றது. முழங்கால் ஆபரேஷன் பண்ணிக்கொண்டு படுத்திருந்ததால் அந்தக் கோடையில் அவர் எங்கும் போகவில்லை. எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். கூடவே எண்ணெய்க் கறை படிந்த ஒரு சின்னப் புத்தகத்தைக் கொடுத்து, "ரீட் இட் ட்வைஸ்" என்றார்.

புத்தகத்தை என் வீட்டுக்காரர் ஒரு தடவை புரட்டினார். நான் நான்கு தடவை படித்தேன். என்ன செய்வது, பாடப் புத்தகத்தைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது.

முதலில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன். "இது டிராவல் டிரெய்லரா, யுடிலிட்டி டிரெய்லரா?" என்று ஒரு பெண் கேட்டாள். உள்ளே அடுப்பு, கட்டில் எல்லாம் இருக்கிறது என்றேன். "போகும்போது உள்ளே ஆட்கள் இருப்பார்களா?" இருந்தால் என்ன என்று கேட்டுவிட்டேன், தெரிந்துகொள்ளலாமே என்றுதான். அவள் குரல் மாறிவிட்டது. கலிஃபோர்னியாவில் ஓடுகிற டிரெய்லருக்குள் யாரும் இருக்கக் கூடாதாம். அதை மச்சாண்டாருக்குச் சொன்னபோது அவருக்குப் பெரிய ஏமாற்றம். "கட்டில் இருக்குது, படுக்கக் கூடாதா? என்ன நாயம் இது?" என்று நித்யாவிடம் கேட்டார்.

அடுத்த விதி, டிரெய்லர் இழுத்தால் ஐம்பத்தைந்து மைலுக்கு மேல் போகக் கூடாது, வலது ஓரத்து லேனிலேயே போக வேண்டும். இதெல்லாம் புரிந்தது. புரியாதது ஒன்றே ஒன்றுதான். டிரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை காரின் கொக்கிமேல் உட்கார வேண்டும் என்று புத்தகம் சொன்னது. அதற்குக் குறைந்தால் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆட ஆரம்பிக்கும், ஆட்டம் பெருகினால் காரையும் சேர்த்துப் புரட்டிவிடும். ஏன்? காருக்குச் சுமை குறைந்தால் நல்லதுதானே? கொக்கியை எதற்கு அழுத்த வேண்டும்?

இஸ்திரி போடுகிற பலகையை ஒரு பக்கம் தூக்கிச் சாய்வாக வைத்தேன். நித்யாவின் பழைய பொம்மைக் காருக்குப் பின்னால், அட்டையிலும் இரண்டு சக்கரத்திலும் ஒரு டிரெய்லர் செய்து மாட்டினோம். அட்டை வண்டியின் முன்பக்கம் ஒரு பேட்டரியை வைத்து உருட்டிவிட்டால் நேராக இறங்கியது. அதே பேட்டரியைப் பின்பக்கம் வைத்து உருட்டி, விரலால் லேசாகத் தட்டினேன். வால் இடதுபக்கம் போனது, வலதுபக்கம் இன்னும் அதிகமாகப் போனது, அடுத்த ஆட்டத்தில் பொம்மைக் காரைத் திருப்பிக் கீழே தள்ளிவிட்டது. "அகெய்ன், மாம்! டூ இட் அகெய்ன்!" என்று குதித்தாள் நித்யா. பெரியவளான பிறகு அவள் என்னோடு தரையில் உட்கார்ந்து விளையாடியது அன்றைக்குத்தான். எனக்கும் உடம்பெல்லாம் சந்தோஷம். மாட்டு வண்டியில் முன்பாரம், பின்பாரம் என்று சொல்வார்களே, அதேதான். மாட்டுக்குப் பின்பாரம் பிடிக்காத மாதிரி காருக்கும் பிடிக்கவில்லை.

கொக்கி எடையை அளக்கப் புத்தகத்தில் ஒரு வழி இருந்தது. குளியலறையில் எடை பார்க்கும் மெஷின் ஒன்று, ஒரு பலகை, ஒரு செங்கல். பலகையின் ஒரு முனை செங்கல்மேல், மறுமுனை மெஷின்மேல். செங்கலிலிருந்து ஓரடி, மெஷினிலிருந்து இரண்டடி தள்ளி டிரெய்லரைக் கொக்கியில் மாட்டுகிற முன்கம்பியை இறக்க வேண்டும். மெஷின் காட்டுவதை மூன்றால் பெருக்கினால் கணக்கு முடிந்தது. கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் நானும் நித்யாவும் சாமான் ஏற்றி அளந்தோம். தண்ணீர் கேன்கள் ஆறு, ஒவ்வொன்றும் ஐந்து கேலன். லாரிக்காரர் வீட்டில் தண்ணீர் இல்லாமல் வெளியூர் கிளம்ப மாட்டார்கள். அரிசி மூட்டை ஒன்று, கல் கிரைண்டர், இரும்புத் தோசைக்கல். கனமானதெல்லாம் சக்கரத்துக்கு முன்னால். கணக்குப் போட்டால் முந்நூறு பவுண்டு வந்தது. டிரெய்லர் மொத்தம் இரண்டாயிரத்து ஐந்நூறு. பாஸ்!

4

மறுநாள் காலையில் நான் புளிசாதம் கிளறிக்கொண்டிருந்தபோது வெளியே டொம் டொம் என்று சத்தம். வீட்டுக்காரரும் மச்சாண்டாரும் சாமான் சரிபார்க்கிறார்கள் என்று நினைத்து நான் கவனிக்கவில்லை. கிளம்பும் அவசரத்தில் டிரெய்லர் கதவைத் திறந்து பார்க்கவும் இல்லை. அது என் தப்பு.

முதலில் லிவர்மோர் கோயிலுக்குப் போனோம். வண்டிக்குப் பூஜை போடாமல் மச்சாண்டார் மலைப்பாதைக்கு வர மாட்டார். காருக்கு நான்கு எலுமிச்சம்பழம் போதுமா, டிரெய்லர் சக்கரத்துக்கும் சேர்த்து ஆறா என்று அவருக்குச் சந்தேகம். குருக்கள் ஒரு நிமிடம் டிரெய்லரையே பார்த்துவிட்டு, "ஆறே வெச்சுடுங்கோ, எதுக்கு வம்பு" என்றார். பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டி நகர்ந்தபோதுதான் கவனித்தேன். முதல் நாள் சாயங்காலம் காரின் பின்பக்கம் கொஞ்சம் அமுங்கி நின்றது. இப்போது நிமிர்ந்து கம்பீரமாக நின்றது.

கதவைத் திறந்தேன். ஆறு கேன்களும் கிரைண்டரும் அரிசியும் டிரெய்லரின் கடைசிச் சுவரோரம் வரிசையாக, கயிறு போட்டு லாரிக்காரர் முடிச்சில் அழகாகக் கட்டியிருந்தன.

"ஏனுங்க, இதை யார் பின்னாடி தூக்கி வெச்சது?" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"அண்ணன்தான். காரு பின்னாடி குந்தீருச்சாம். அப்பிடி குந்துனா முன்னாடி லேசாயி ஸ்டியரிங் பிடிக்காதாம்."

அதில் தப்பும் இல்லை. லாரியில் அது உண்மை. அவர் ஓட்டியதெல்லாம் ஒரே சட்டத்தில் நிற்கிற வண்டிகள். நடுவில் மூட்டு உள்ள வண்டிக்கு நியாயமே வேறு என்பது பொம்மைக் காரைப் பார்த்திராவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது.

"இப்படிப் போனா ஆடும்ங்க. மறுபடி முன்னாடி வெச்சிரலாம். உங்க அண்ணன்கிட்டச் சொல்லுங்க."

"முப்பது வருசம் லாரி ஓட்டுனவரு. அவருகிட்டப் போயி லோடு எப்பிடி வெக்கறதுன்னு நான் சொல்லட்டுமா? மெதுவாப் போலாம், விடு."

நித்யாவைக் கூப்பிட்டு, "பெரியப்பாகிட்டச் சொல்லு, பலகைல பாத்தமே, அதே மாதிரி ஆகும்னு சொல்லு" என்று அனுப்பினேன். மச்சாண்டார் பத்தடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். நான் பேசுவது அவர் காதில் விழும். அவர் பேசுவதும் என் காதில் விழும்.

"பெரியப்பா, அம்மா சொல்றாங்க, வெயிட் இஸ் ராங். இட் வில் ஸ்விங். வீ டெஸ்டட் இட் வித் அ டாய் கார்."

"என்ன கண்ணு, பொம்மக் காரா?" என்று அவள் தலையைத் தடவிச் சிரித்தார். "உங்கம்மா டீச்சரு. பாடத்துல சொன்னா நான் கேட்டுக்குவேன். லோடு வெக்கறத பெரியப்பாகிட்ட உட்ருன்னு சொல்லு."

நித்யா என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கினாள். பத்தடி நடந்து போய், "மாமா, இது தப்புங்க" என்று நான் சொல்லியிருக்கலாம். தடுத்தது யார்? யாருமில்லை. காலே எழவில்லை. பெற்ற மகளைப் பின்சீட்டில் உட்காரவைத்து, பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு நானும் ஏறி உட்கார்ந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

5

லிவர்மோரை விட்டுக் கிழக்கே போனால் அல்டமான்ட் குன்றுகள். கோடையில் மரம் மட்டை கிடையாது, காய்ந்த புல்தான். அதன்மேல் கரண்ட் எடுக்கிற ராட்சசக் காற்றாடிகள் நூற்றுக்கணக்கில். காற்றாடி நட்டு வைத்திருக்கிறார்கள் என்றால் அங்கே என்ன வீசும் என்று சொல்ல வேண்டியதில்லை. கோயிலில் சாப்பிட்டுக் கிளம்பியதில் மதியம் ஆகிவிட்டது, காற்று ஏறுகிற நேரம்.

ஏற்றத்தில் ஒன்றும் தெரியவில்லை. முன்சீட்டில் மச்சாண்டார் காற்றாடிகளை எண்ணிக்கொண்டு வந்தார். உச்சி தாண்டி இறக்கம் ஆரம்பித்தது. ஐம்பத்தைந்து, ஐம்பத்தெட்டு, அறுபது. "கொஞ்சம் மெதுவா" என்றேன். "எறக்கந்தானே, தானாப் போகுது" என்றார் மச்சாண்டார், கண்ணாடியைப் பார்த்து.

அப்போது ஒரு பதினெட்டு சக்கர லாரி எங்களை இடதுபக்கம் முந்தியது. அது தள்ளிய காற்றில் டிரெய்லர் ஒரு பக்கம் நகர்ந்து, திரும்பி வந்தது. யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டது மாதிரி இருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். பின்கண்ணாடியில் டிரெய்லரின் இடது ஓரம் தெரிந்தது. அடுத்து வலது ஓரம் தெரிந்தது. மறுபடி இடது, இந்தத் தடவை ஜன்னல்வரை தெரிந்தது. எங்கள் காரின் வாலும் கூடவே ஆடியது. வீட்டுக்காரர் ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெட்டினார், ஆட்டம் பெருகியது. நித்யா "மாம்! மாம்!" என்று அலறினாள்.

புத்தகத்தின் பதினோராம் பக்கம் என் கண்முன் நின்றது. கார் பிரேக்கைத் தொடக் கூடாது. தொட்டால் முன்னால் கார் நிற்கும், பின்னால் டிரெய்லர் நிற்காமல் வந்து மோதி மடக்கும். ஸ்டியரிங்கை வெட்டக் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, டிரெய்லருக்கு மட்டும் தனியாக இருக்கிற பிரேக்கைக் கையால் போட வேண்டும். அந்தக் கைப்பிடி ஸ்டியரிங்குக்கு வலதுபக்கம், டாஷ்போர்டுக்குக் கீழே இருந்தது. என் வீட்டுக்காரரின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இறுகிக் கிடந்தன.

"தம்பி, பிரேக்கு! பிரேக்க மிதி!" என்று கத்தினார் மச்சாண்டார்.

அண்ணன் சொன்னால் சொன்னதுதான் என்று மேலே எழுதினேனே, அதேபோல வீட்டுக்காரரின் வலதுகால் பிரேக்குக்கு நகர்வதை நான் பின்சீட்டிலிருந்தே பார்த்தேன். எந்தத் தொண்டையிலிருந்து வந்ததென்று தெரியவில்லை, திருச்செங்கோட்டு வகுப்பில்கூட அப்படிக் கத்தியதில்லை.

"மாமா! சும்மா இருங்க! பிரேக்கு வேண்டாம்! உங்க முட்டிகிட்டக் கைப்பிடி இருக்கு பாருங்க, அதை இழுங்க! இழுங்க மாமா!"

இழுத்தார்.

பின்னால் யாரோ பெரிய கையால் டிரெய்லரைப் பிடித்து நிறுத்தின மாதிரி ஒரு இழுப்பு. ஆட்டம் ஒன்று, அரை, கால். நேரானது. வேகம் ஐம்பது, நாற்பது, முப்பது என்று இறங்கியது. வீட்டுக்காரர் ஓரம் கட்டினார். நித்யா அழுதுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மாம், யூ யெல்ட் அட் பெரியப்பா" என்றாள்.

6

ஊர்ந்து ஊர்ந்து இறக்கத்தைத் தாண்டி, அடுத்த எக்ஸிட்டில் இருந்த பெரிய பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். நான் இறங்கி டிரெய்லருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பயம் போய் வெட்கம் வந்துவிட்டது. 'சும்மா இருங்க' என்றல்லவா சொல்லிவிட்டேன்.

மச்சாண்டார் டிரெய்லருக்குள் போனார். கயிற்றை அவிழ்த்தார். ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு கதவருகே வந்து என்னைப் பார்த்தார். காற்றைப் பார்க்கவில்லை, என்னைத்தான்.

"எங்கெங்க வெக்கோணும்னு நீயே சொல்லும்மா."

"முன்னாடி, கட்டிலுக்குக் கீழங்க மாமா" என்றேன்.

ஆறு கேன்களும் முன்னால் போயின. கிரைண்டரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். முடித்துவிட்டுப் படியில் உட்கார்ந்து, "இப்பச் சொல்லு, எதுக்கு ஆடுச்சு?" என்று கேட்டார். தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினேன். இதுதான் சக்கரம், இதுதான் கொக்கி, கனம் பின்னால் இருந்தால் வால் தள்ளும், முன்னால் இருந்தால் வால் அடங்கும். இரண்டு கேள்வி கேட்டார். இரண்டும் என் வகுப்பில் நல்ல மாணவன் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். "லாரில இந்த மூட்டு இல்ல பாரு, அதான் எனக்குப் புடிபடல" என்றார். பிறகு அங்கே டீசல் போட நின்றிருந்த பதினெட்டு சக்கர லாரியைக் காட்டி, "அதுலயும் மூட்டு இருக்குதே. அவன் எப்பிடி வெக்கறான்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "வாம்மா, கேப்போம்" என்று எழுந்துவிட்டார்.

அந்த டிரைவர் தாடி வைத்த பெரிய ஆள். நான் நடுவில் நின்று இங்கிலீஷையும் தமிழையும் மாற்றி மாற்றிச் சொன்னேன். லாரியின் பின்சக்கரங்களுக்கு நேர் மேலே இருந்த பெரிய இரும்புத் தட்டைக் காட்டினான். டிரெய்லரின் முன்பாதி எடை மொத்தமும் அதன்மேல்தான் உட்காருமாம். மச்சாண்டார் குனிந்து, கிரீஸைத் தொட்டுப் பார்த்து, நிமிர்ந்து, "நீ சொன்னதேதான்" என்றார் என்னிடம். பதினான்கு வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் மார்க்.

7

யோசெமிட்டியில் மறுநாள் காலை, டிரெய்லருக்குள் பாத்திரம் கழுவிக்கொண்டே வீட்டுக்காரரிடம் பெருமை அடித்துக்கொண்டேன். "ஒரு தடவையாவது உங்க அண்ணன் பேச்ச உட்டுட்டு என் பேச்சக் கேட்டீங்களே. உசுருக்கு உத்தரவாதம் ஆச்சு."

அவர் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பொய் சொல்லக் கூடாது. நான் உன் பேச்சக் கேக்கல" என்றார்.

"பிரேக்க மிதிக்கலையே நீங்க?"

"மிதிக்கத்தான் போனேன். அண்ணன் சொன்னதும் கால் போயிருச்சு. அதுக்குள்ள நீ 'மாமா'ன்னு கூப்புட்ட. அண்ணன! நேரா! 'சும்மா இருங்க'ன்னு வேற! எனக்கு ஒடம்பே வெறச்சுப்போச்சு. கால் அந்தரத்துலயே நின்னுருச்சு. அதுக்கப்பறம் நீ பேசுனது ஒண்ணும் காதுல விழல."

கையில் இருந்த டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டேன். பதினோராம் பக்கத்தை நான் கத்தினேனே, அது யார் காதில் விழுந்தது? கைப்பிடியை இழுத்தவர் யார்? முப்பது வருட அனுபவம் பிரேக்கை மிதி என்று சொன்ன அந்த நொடியில், பின்சீட்டிலிருந்து தம்பி பெண்டாட்டி அதட்டியதை ஒரு கேள்வி கேட்காமல் செய்தவர் அவர். கூடவே குடித்தனம் நடத்தியவர் கேட்கவில்லை. வாயே திறந்து பேசியிராத மனிதர் கேட்டார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மச்சாண்டார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நித்யா தூங்கிக்கொண்டிருந்தாள். நடுவில் ஆள் யாரும் இல்லை. கதவருகே போய் நின்றேன்.

"மாமா, காப்பி போடட்டுங்களா?"

திரும்பிப் பார்த்தார். "போடும்மா. சக்கரை மட்டும் வேண்டாம். எனக்குச் சக்கரைக் காப்பி எப்பவுமே புடிக்காது."

கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு நான் போட்டு அனுப்பிய ஒவ்வொரு டம்ளரிலும் இரண்டு கரண்டி சர்க்கரை இருந்தது. ஒரு நாள்கூட மிச்சம் வைக்காமல் குடித்திருக்கிறார்.